'உதவியின்றி வந்தார்' என்று எழுதியவர்களுக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு விண்ணப்பங்களைப் பார்த்து முடிவெழுதும் உத்தியோகத்தர்களுக்கும், அவற்றோடு சேரும் மருத்துவச் சான்றில் ஒப்பமிடும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

என் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. "விண்ணப்பதாரி உதவியின்றி நடந்து வந்தார். பார்வைக்குச் சுகதேகியாகத் தெரிகிறார்." நீல மையில், சிங்களத்தில், சரிவான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நான் தகுதியற்றவள் என்று எனக்கு வந்த கடிதத்தில் இந்த வரி இல்லை. அதில் காரணமே இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டு, கோப்பின் பிரதியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள், சிங்களம் பேசுவேன். ஆனால் கையெழுத்துச் சிங்களம் வாசிக்க வராது. மேல்வீட்டு அக்காதான் வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, அவரே எழுதியதுபோல என் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்துத் தந்தார்.

எந்த அலுவலகம், எந்த உத்தியோகத்தர் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த வரியை எழுதியவர் பொய் எழுதவில்லை. பார்த்ததை எழுதினார். வாசற்கதவிலிருந்து அவருடைய மேசைவரை முப்பது அடி இருக்கும்; அந்த முப்பது அடியை நான் தனியே நடந்தேன், உண்மைதான். அந்த முப்பது அடிக்கு முன்னும் பின்னும் நடந்ததை நீங்கள் எல்லோரும் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் விண்ணப்பத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். என்னைப் போன்றவர்களின் கோப்புகளில் இதே வரி வேறு வேறு கையெழுத்தில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு லூப்பஸ். 2014இல் கண்டுபிடித்தார்கள். இப்போது வயது 43. நோய்க் கிருமிகளோடு சண்டை பிடிக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, சொந்த உடம்பையே அந்நியமென்று எடுத்துத் தாக்குகிற வருத்தம் இது. மூட்டு, தோல், இரத்தம், நுரையீரல் உறை, சிறுநீரகம் என்று எதையும் விடாது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதில், வேலைக்குப் போகும் வயதில் வரும். சுகமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கலாம். அடங்கியிருக்கும், பிறகு கிளம்பும், திரும்பவும் அடங்கும்.

அன்று காலையைச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தோடு நேரில் வரச் சொல்லியிருந்த நாள். நம்பர் துண்டு காலையில்தான் கொடுப்பார்கள், ஏழு மணிக்கு முன் வரிசையில் நின்றால்தான் அன்றைக்கு வேலை முடியும் என்று எல்லோரும் சொன்னார்கள். என் வருத்தக்காரருக்கு விடியற்காலைதான் ஆகக் கெட்ட நேரம். இரவு முழுக்க அசையாமல் கிடந்த மூட்டுகள் இறுகிப் போயிருக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனைக் கையில் பிடித்துப் பாருங்கள், என் விரல்கள் அப்படித்தான் இருக்கும். அதனால் நாலு மணிக்கே எழும்பி, வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பதற்காக ஒரு துண்டுப் பாணைத் தின்று, வருத்தத்தை அடக்கும் பிரெட்னிசலோன் குளிசையைப் போட்டேன். போத்தலின் மூடியை என் கணவர்தான் முதல்நாள் இரவே திறந்து வைத்திருந்தார். பிறகு சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தேன். தண்ணீர் ஆற ஆற, மகள் கேத்தலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு 13 வயது. என் சட்டைக்குக் கொக்கி மாட்டியது அவள். தலை இழுத்தது அவள்; முன்பக்கம் முடி கொட்டிய இடம் தெரியாமல் வகிடு எடுக்க அவளுக்குத்தான் தெரியும். சேலை வேண்டாம் அம்மா, பாவாடை சட்டை போடுங்க, நடக்க லேசு என்றாள். நாங்கள் இருப்பது தொடர்மாடியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடுவில் ஒருமுறை படியில் உட்கார்ந்தேன். கீழே பக்கத்து வீட்டுத் தம்பி தன் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலிலேயே இறக்கிவிட்டார், காசு வாங்கவில்லை. 155 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற காலம் எனக்கு முடிந்து பல வருஷம். அதற்குமேல் என்னோடு நிற்க ஒருவருக்கும் வழியில்லை. கணவர் நேரத்துக்கு வேலைக்குப் போகாவிட்டால் நாட்சம்பளம் போய்விடும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

மூன்று பேர் சேர்ந்து என்னை அந்த வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு நான் உதவியின்றி நடந்து வந்தேன்.

வெளியே வரிசை வெயிலில் நின்றது. லூப்பஸ் உள்ளவர்களுக்கு வெயில் விஷம். சூரிய ஒளி பட்டால் தோலில் தடிப்பு வருவதோடு நிற்காது, அடங்கிக் கிடந்த வருத்தத்தையே அது கிளப்பிவிடும். குடை பிடித்தேன், நீளக்கை சட்டை, கழுத்தைச் சுற்றித் துணி. எனக்கு முன்னால் நின்ற அம்மா, "என்ன பிள்ளை, கலர் குறைஞ்சிடும் எண்டா?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார், அவரில் எனக்குக் கோபம் இல்லை.

உள்ளே வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு அண்ணா இருந்தார். அச்சகத்தில் வேலை செய்தவராம். மயஸ்தீனியா என்ற வருத்தம் அவருக்கு. அதுவும் என்னுடையதைப் போலவே உடம்பு தன்னைத்தானே தாக்குவதுதான். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும். பாவிக்கப் பாவிக்கத் தசை களைத்துக்கொண்டே போகும், ஓய்வெடுத்தால் கொஞ்சம் திரும்பும். பின்னேரம் ஆனால் கண் இமை தானாக விழுந்துவிடும், சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை நின்றுவிடும் என்றார். அவர் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. "தங்கச்சி, இங்க ரெண்டு மணித்தியாலம் இருக்க வைக்கிறாங்கதானே, அதுதான் எனக்கு ஓய்வு. கூப்பிடுற நேரம் நான் ஆக நல்லா இருப்பன். என்ர வருத்தத்தை மறைக்கிறதே இந்த வாங்குதான்." அவரைக் கூப்பிட்டார்கள். நிமிர்ந்து நடந்து போனார். அவருடைய கோப்பில் என்ன எழுதினார்களோ.

என்னுடைய முறை வந்தபோது பத்தரை. குளிசை வேலை செய்து, விரல்கள் ஓரளவு மடங்கத் தொடங்கியிருந்தன. முகம் உருண்டையாக இருந்தது. பிரெட்னிசலோனை நெடுங்காலம் எடுத்தால் முகம் வீங்கி, கன்னம் பூரித்துப் போகும். மருந்தின் பக்கவிளைவு அது. பார்க்கிறவருக்கு நன்றாகச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்கிற முகமாகத் தெரியும். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையானவர். என்ன வருத்தம் மிஸ் என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றார். "கை கால் எல்லாம் இருக்குத்தானே?" என்றும் கேட்டார். பிறகு பக்கத்து மேசைக்குத் திரும்பி, "லெடெக் வகே பேன்னெ நேனே" என்றார், நோயாளி மாதிரித் தெரியவில்லையே என்று. எனக்கு விளங்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

ஒப்பமிடச் சொன்னார். பேனை மெல்லியது, எனக்கு மெல்லிய பேனை பிடிபடாது. வீட்டில் பேனையைச் சுற்றிப் பழைய துணிக் கீலம் கட்டி வைத்திருக்கிறேன், அதை எடுத்துக்கொண்டு வர மறந்துவிட்டேன். எழுதினேன். அடையாள அட்டையில் இருக்கும் ஒப்பத்தோடு வைத்துப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை என்றார். இன்னொரு தாளில் இரண்டு மூன்று தடவை எழுதிக் காட்டச் சொன்னார். எழுத எழுத மோசமாகிக்கொண்டு போனது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் 16 வருஷம் கணக்கெழுதினவள் நான். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று முதலாளி வெளியாட்களிடம் கொப்பியைக் காட்டுவார். அந்தக் கை. அதே கை அந்தத் தாளில் கிறுக்கிக்கொண்டிருந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள் ஐயா. என் விண்ணப்பத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன இருக்கிறது? கோப்பு முழுக்கத் தேடினேன். அந்த ஒப்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்தது. ஐந்து நாள் படுக்கை. அதுவும் கோப்பில் இல்லை, இருக்கவும் முடியாது. நீங்கள் என்னைப் பார்த்தது ஒரு நாளில் பத்து நிமிஷம்.

இலங்கைத் தமிழில் நோயையும் வருத்தம் என்கிறோம், மனத்துயரத்தையும் வருத்தம் என்கிறோம். இயலாமைக்கு மட்டும் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தோம்: அங்கவீனம். இப்போது மாற்றுத்திறனாளி என்று எழுதுகிறோம், நல்லதுதான். ஆனால் கண் இன்னும் பழைய சொல்லைத்தான் தேடுகிறது. எந்த அங்கம் பழுது, எங்கே காட்டு என்கிறது. காட்ட என்னிடம் இரத்தப் பரிசோதனைத் தாள்கள்தான் இருக்கின்றன.

சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், யாரைச் சொல்கிறது என்று தேடி வாசித்தேன். உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாடு காரணமாக, அது பிறவியிலேயே வந்ததோ பிறகு வந்ததோ, வாழ்க்கைக்கு அவசியமானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே தனக்கு உறுதிசெய்துகொள்ள முடியாத எவரும் என்கிறது. பகுதியாகவோ என்ற சொல்லுக்குக் கீழே நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்த வரைவிலக்கணத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அது சொல்வது நீண்டகாலக் குறைபாடு என்று. நிரந்தரமா, தற்காலிகமா என்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பதில் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். வருத்தம் நிரந்தரம். அது படுக்கையில் போடும் நாட்கள் வந்து வந்து போகும். இரண்டில் எதைச் சொன்னாலும் பாதி பொய்யாகிவிடும்.

வேலை செய்த காலத்தில் எங்கள் பேரில் சேரும் ஊழியர் சேமலாப நிதியிலும் இதே மதில்தான். பெண்கள் 50 வயதுக்கு முன் தங்கள் காசு முழுவதையும் எடுக்க உள்ள வழிகளில் ஒன்று, வேலை செய்வதற்கு நிரந்தரமாகவும் முற்றாகவும் இயலாதவர் என்று சான்று பெறுவது. நிரந்தரமாக, சரி. முற்றாக? ஒரு வைத்தியரும் மனமறிந்து அதை எனக்கு எழுதித் தரமாட்டார், தரவும் கூடாது. மாதத்தில் சில நாள் நான் மீன்கூட வெட்டுவேன்.

அரசாங்கத்துக்கு உள்ளே இருக்கும் நோயைப் பார்க்கத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. சிறுநீரக நோயாளருக்கு இந்த நாடு தனியாகக் கொடுப்பனவு வைத்திருக்கிறது. 2024இல் மாதம் 7,500 ரூபாயாக இருந்து, 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ஆகியது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே தொகை. அவர்களிடம் யாரும் கை கால் இருக்கிறதுதானே என்று கேட்பதில்லை. வைத்தியர் தாளில் எழுதுவதை நம்புகிறார்கள். அது சரியான காரியம். அவர்களுக்கு இன்னும் அதிகம் கொடுத்தாலும் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் லூப்பஸ் சிறுநீரகத்தையும் தாக்கும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் நான் சிறுநீர்ப் போத்தலோடு போவது புரதம் கசிகிறதா என்று பார்க்கத்தான். அப்படியானால் என் சிறுநீரகம் பழுதாகிற அன்றுதான் நான் இந்த நாட்டின் பட்டியலுக்குள் வருவேன். பழுதாகாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கும் இந்த வருஷங்களுக்கு, இதே குளிசைக்கும் இதே களைப்புக்கும், பட்டியலில் இடம் இல்லை. இரவில் இதை நினைத்தால் நித்திரை வராது.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் ஏதோவொரு இயலாமையோடு வாழ்வதாகச் சொன்னார்கள். அதற்குக் கேட்ட கேள்விகள் ஆறு: பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைத்திருக்க, தன்னைத் தானே பராமரிக்க, பேசிப் புரியவைக்கக் கஷ்டமா என்று. வாஷிங்டன் குழு என்று சொல்லப்படும், ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் தொடங்கிய குழு தயாரித்த கேள்விகள் அவை. ஒரு சனத்தொகையை எண்ணுவதற்கு நல்ல கேள்விகள்தான். நோவும் களைப்பும் அந்த ஆறில் இல்லை. அதே குழு தயாரித்த நீளமான கேள்விக்கொத்தில் இரண்டும் இருக்கின்றன: கடந்த மூன்று மாதத்தில் எவ்வளவு அடிக்கடி நோ இருந்தது, எவ்வளவு அடிக்கடி களைத்துப்போய் இருந்தீர்கள், எவ்வளவு நேரம் என்று. புதிதாக யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. கேள்வி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. யாராவது என்னிடம் அதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கணக்கெழுதினவளின் பழக்கம், விடவில்லை. இப்போது வரவு செலவுக்குப் பதிலாக நாட்களை எழுதுகிறேன். கை வராத நாளில் மகளை எழுதச் சொல்வேன். இந்த வருஷம் மார்ச் மாதத்தில் சில வரிகள்:

"3ஆம் திகதி. 4.40க்கு எழும்பினேன். விரல் மடங்கவில்லை. 7.10க்கு மடங்கியது. சோறு வடித்தது மகள்."

"9ஆம் திகதி. நல்ல நாள். சந்தைக்குப் போனேன். சாளை வாங்கி நானே வெட்டினேன். பின்னேரம் உடுப்பும் தோய்த்தேன்."

"10ஆம் திகதி. எழும்பவில்லை. 11ஆம் திகதி. எழும்பவில்லை."

"17ஆம் திகதி. பாண் வாங்க இறங்கினேன். மேலே ஏற 20 நிமிஷம். இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தேன். பாண் ஆறிவிட்டது."

அந்த மாதத்தில் 9 நாள் படுக்கை, 13 நாள் பத்து மணிக்குப் பிறகு மட்டும் மனுஷி, 9 நாள் நல்ல நாள். எந்த 9 நாள் நல்ல நாள் என்று முதல்நாள் இரவுகூட எனக்குத் தெரியாது. 2021இல் நான் வேலையை விட்டது இதனால்தான். முதலாளி நல்லவர், இரண்டு வருஷம் பொறுத்தார். வராத நாளுக்குச் சம்பளம் வெட்டினார், அது நியாயம். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற அன்று ஆள் வருமா வராதா என்று தெரியாமல் ஒரு கடை நடத்த முடியாது. நானாகவே போதும் என்றேன். ஒன்பது நல்ல நாளை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வேலை கேட்பது?

என்னை மேசையில் பார்த்தவருக்கு இந்தக் கொப்பியைக் காட்டினேன். இது உத்தியோகபூர்வ ஆவணம் இல்லையே மிஸ் என்றார். உண்மைதான்.

இனி வைத்தியர்களுக்கு. உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வராது. இந்த நாட்டின் இலவச வைத்தியம் இல்லாவிட்டால் நான் எப்போதோ செத்துப் போயிருப்பேன். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, எந்தக் குளிசையை முதலில் வெளியில் வாங்க வேண்டும், எது கொஞ்சம் பொறுக்கும் என்று துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்த வைத்தியரை நான் சாமி அறையில் நினைப்பதுண்டு. ஆனால் உங்கள் சான்றில் வரும் ஒரு சொல் எங்களை வீழ்த்துகிறது. "நோய் சிகிச்சையில் நிலையாக உள்ளது" என்று எழுதுகிறீர்கள். உங்கள் மொழியில் அதற்குப் பொருள், சிறுநீரகம் தாங்குகிறது, இரத்த அணுக்கள் விழவில்லை, உயிருக்குப் பயமில்லை என்பது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் அதை வாசிக்கும்போது, இவளுக்குச் சுகம் என்று விளங்கிக்கொள்கிறார். நிலையாக இருக்கும் ஒருத்திக்கு ஏன் காசு? ஈரத் துவாயைப் பிழிய முடியுமா, போத்தல் மூடி திறக்க முடியுமா, ஒரு மாடி ஏற முடியுமா, காலையில் உடம்பு இளக எவ்வளவு நேரம், மாதத்தில் எத்தனை நாள் இப்படி: இவற்றை எழுத உங்களுக்கு இன்னும் மூன்று வரி போதும். கிளினிக்கில் வாசல்வரை ஆட்கள் நிற்கும்போது உங்களுக்கு ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான், தெரியும். கேள்விகளை அச்சடித்துத் தந்தால் வாங்கில் இருக்கும்போதே நாங்கள் நிரப்பி வைத்திருப்போம். நீங்கள் பார்த்து ஒப்பமிட்டால் போதும்.

உத்தியோகத்தர்களே, உங்கள் பயமும் எனக்கு விளங்குகிறது. காசு கொஞ்சம், கேட்பவர்கள் நிறையப் பேர். இல்லாத வருத்தத்தைச் சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், நானும் கண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத வருத்தம் என்று ஒருத்தி வந்து நின்றால் எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். நம்ப வேண்டாம். வந்து பாருங்கள். எங்கள் கிராம சேவகர் மிஸ் ஒருநாள் காலையில் வேறு அலுவலாக வந்தவர், நான் கதவைத் திறக்க எடுத்த நேரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே விளங்கிக்கொண்டார். சாவியைத் திருப்ப முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் கதவின் மறுபக்கத்தில், "அவசரமில்லை அக்கா, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அப்படி ஒருவரைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாதத்தில் இரண்டு மூன்று விடியற்காலை அனுப்புங்கள். ஒருமுறை நான் நன்றாக இருக்கும் நாளாகவும் அமையும், அதையும் எழுதட்டும். கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். பத்து வருஷ மருந்துச்சீட்டு அதில் இருக்கிறது. மலேரியாவுக்கென்று வந்து இப்போது லூப்பஸுக்கும் கொடுக்கிற மருந்தை இத்தனை வருஷம் தினமும் தின்றுகொண்டு, அதற்காக வருஷா வருஷம் கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டு, 10,000 ரூபாய்க்காக யாரும் நடிக்கமாட்டார்கள்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. ஒரு நாளை வைத்து முடிவெழுதாதீர்கள், மூன்று மாதத்தைக் கேளுங்கள். நோவையும் களைப்பையும் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்க எங்கள் வீட்டார் ஒருவர் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் பத்து மணிக்குப் பிறகு ஒரு நேரம் தாருங்கள், வெயிலில் நிற்க வைக்காதீர்கள். அலுவலகத்து வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியிருந்தீர்கள், பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எங்களுக்கு அந்தச் சாய்தளம் மணிக்கூட்டில் வேண்டும், அவ்வளவுதான். இல்லை என்று முடிவெழுதினால் ஏன் இல்லை என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள், தமிழருக்குத் தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் தமிழும் அரசகரும மொழி என்று இருக்கிறது. என் உடம்பைப் பற்றி எழுதிய வரியை அயல்வீட்டுக்காரர் வாசித்துத்தான் நான் அறிய வேண்டியிருந்தது. அந்த அக்காவும் அன்று வெட்கப்பட்டார், நானும் வெட்கப்பட்டேன்.

10,000 ரூபாயால் என்ன ஆகும் என்று என் தம்பியே கேட்டான், இவ்வளவு அலைய வேண்டுமா என்று. மாதத்தில் தட்டுப்பாடான குளிசையை வெளியில் வாங்கலாம். கிளினிக்குக்குப் போகவர த்ரீவீலருக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சும்மா போகத் தேவையில்லை. மிச்சத்தில் மகளுக்குக் கணித வகுப்புக் காசு. அவள் இப்போது வகுப்புக்குப் போவதில்லை. வகுப்பு காலை ஆறரைக்கு. ஆறரைக்கு அவள் கேத்தலோடு என் பக்கத்தில் நிற்கிறாள்.

மேன்முறையீடு கொடுத்திருக்கிறேன். மறுபடி நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது, திகதி போட்டிருக்கிறது, நேரம் காலை எட்டு மணி. வருவேன். இந்தமுறை துணி சுற்றிய பேனையை மறக்காமல் கொண்டுவருவேன். மகளும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வருகிறாள். மேசைவரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், நான் சொன்னாலும் விடமாட்டாள். ஒப்பம் அன்றைக்கு எப்படி விழும் என்று எனக்கே தெரியாது. அது எப்படி விழுந்தாலும், தயவுசெய்து அதையும் கோப்பில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் உள்ள ஒரு விண்ணப்பதாரி,
கொழும்பு